டாக்டர் சொன்னாங்களா, நீங்க சொல்றீங்களா?

வாசகர் கடிதம்:

டாக்டருங்களுக்கு வணக்கம். நான் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் வேலை பார்க்கிறேன். எங்கள் அம்மிச்சிக்கு (அம்மாவின் அம்மா) 71 வயது. கோபிக்குப் பக்கத்தில் தோட்டத்துச் சாளையில் இருக்கிறார். 15 வருசமாகச் சர்க்கரையும் பிரஷரும் உண்டு. 20 வருசமாக ஒரே டாக்டர், கைராசிக்காரர். அவர் கிளினிக்கில் ஒரு சிஸ்டர் இருக்கிறார். 12 வருசமாக டோக்கன் கொடுப்பது, போன் எடுப்பது, ஊசி போடுவது எல்லாமே அவர்தான். ஆவணியில் ரத்தப் பரிசோதனை எடுத்து ரிப்போர்ட்டை கிளினிக் நம்பருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். 'எல்லாம் நார்மல், அதே மாத்திரை' என்று சிஸ்டரிடமிருந்து பதில் வந்தது. அப்புறம் ஒரு விசேசத்துக்குப் போய்விட்டு வந்த மறுநாள் வீட்டு மிஷினில் பார்த்தால் சர்க்கரை 240. போன் செய்தேன். 'காலையில போடற சர்க்கரை மாத்திரையை ராத்திரிக்கும் ஒண்ணு சேத்திப் போடச் சொல்லுங்க' என்றார். புரட்டாசிச் சனிக்கிழமை அம்மிச்சி ஒருசந்தி (ஒரு வேளை மட்டும் சாப்பிடும் விரதம்) இருந்தார். ஞாயிறு விடியற்காலையில் உடம்பெல்லாம் வேர்த்து, சம்பந்தமில்லாமல் உளற ஆரம்பித்துவிட்டார். சர்க்கரை 48. ஈரோட்டுக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். இரண்டு நாள் அட்மிட். கிட்னியும் கொஞ்சம் சரியில்லை என்றார்கள். திரும்பி வந்து கிளினிக்கில் பழைய ஃபைல் நகல் கேட்டால், 'அதெல்லாம் வெளியே தர்றதில்லைங்க, நான் டாக்டர்கிட்டச் சொல்லிக்கறேன்' என்று அனுப்பிவிட்டார். சிஸ்டர் எங்களுக்கு ஒரம்பரை (சொந்தக்காரர்) முறை வேறு. 'நம்ம புள்ளை பொழப்பக் கெடுக்காதே' என்கிறார் மாமா. இப்படி மாத்திரையை மாற்ற அவருக்கு உரிமை உண்டா? புகார் கொடுக்கலாமா? என்ன செய்வது என்றே தெரியவில்லை.

பதில்:

அம்மணி, உங்களை அப்படிக் கூப்பிடும் வயது எனக்கு ஆகிவிட்டது. பெருந்துறைப் பக்கம் 30 வருசத்துக்கு மேலாகக் கிளினிக் நடத்துகிறேன். உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். மாத்திரையை விட, சர்க்கரை 48-ஐ விட, கடைசியில் வந்த ஒரு வரிதான் என்னை நிறுத்தியது. 'நான் டாக்டர்கிட்டச் சொல்லிக்கறேன்.' இத்தனைக்கும் பிறகு உங்கள் டாக்டருக்கு இன்னும் இது தெரியாது என்றுதான் நினைக்கிறேன். ரிப்போர்ட்டை அவர் பார்த்திருக்க மாட்டார், மாத்திரை கூடியதும் அம்மிச்சி ஆஸ்பத்திரியில் கிடந்ததும் அவர் காதுக்கு எட்டியிருக்காது. 20 வருசமாக அவரிடம் போகிறீர்கள். ஆனால் கடைசி இரண்டு மாதம் அம்மிச்சிக்கு வைத்தியம் பார்த்தது முன்மேசைதான்.

உரிமை உண்டா என்று கேட்டீர்கள். கிடையாது. 2019ஆம் ஆண்டின் தேசிய மருத்துவ ஆணையச் சட்டம், 34ஆவது பிரிவின்படி, பதிவு பெற்ற மருத்துவர் தவிர வேறு யாரும் வைத்தியம் பார்க்கக் கூடாது. மீறினால் ஓராண்டு வரை சிறை, அல்லது 5 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். போனில் ஆலோசனை சொல்வதற்கும் 2020 மார்ச்சில் வழிகாட்டு நெறிமுறை வந்துவிட்டது. போனில் மருந்து சொல்வதானாலும் பதிவு பெற்ற மருத்துவர்தான் சொல்ல வேண்டும். டாக்டர் சொன்னதை அப்படியே எடுத்துச் சொல்லலாம், தானாக முடிவு செய்யக் கூடாது.

சிஸ்டர் என்கிறோமே, அந்தச் சொல்லையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். நம் பக்கம் வெள்ளைக் கோட்டு மாட்டிய பெண் யாராக இருந்தாலும் சிஸ்டர்தான். நர்ஸ் படிப்பு என்றால் டிப்ளமோவுக்கு 3 வருசம், பி.எஸ்சி.க்கு 4 வருசம், அப்புறம் நர்ஸிங் கவுன்சிலில் பதிவு. சின்னக் கிளினிக்குகளில் முன்மேசையில் உட்கார்ந்திருப்பவர்கள் பலர் பிளஸ் டூ முடித்துவிட்டு வந்து, பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டவர்கள். சிலருக்குக் கை அவ்வளவு சுத்தம், குழந்தைக்கு ஊசி போட்டால் குழந்தைக்கே தெரியாது. அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் முறையாகப் படித்த நர்ஸாகவே இருந்தாலும் சர்க்கரை மாத்திரையின் அளவைத் தானாகக் கூட்ட முடியாது. உங்கள் ஊருக்கே 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் தன்னார்வலர் அக்கா ஒருவர் வருவார், 2021 ஆகஸ்டில் தொடங்கியது. வீட்டுக்கே வந்து பிரஷர் பார்ப்பார், சர்க்கரை பார்ப்பார், டாக்டர் எழுதிய மாத்திரையைக் கொடுப்பார். அளவு கூடுதலாக இருந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போகச் சொல்வாரே தவிர, 'இன்னொண்ணு சேத்திப் போடுங்க' என்று சொல்வதில்லை.

இனி மருந்து விஷயம். எங்கே பிசகியது என்று உங்களுக்குப் புரிந்தால்தான் அடுத்த தடவை எதைக் கேட்பது என்று தெரியும்.

ரிப்போர்ட்டின் படத்தை அனுப்பியிருந்தீர்கள். கிரியாட்டினின் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய ஒரு கழிவு) 1.2. பக்கத்தில் அந்த லேப் அச்சடித்திருக்கும் சாதாரண அளவு 0.6 முதல் 1.2 வரை. எல்லைக்குள் இருக்கிறது, தடித்த எழுத்தில் அச்சாகவில்லை, நட்சத்திரக் குறியும் இல்லை. எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்த யாரும் நார்மல் என்றுதான் சொல்வார்கள். அந்த சிஸ்டரும் அதைத்தான் சொன்னார். ஆனால் அந்த எண் எல்லா வயதுக்கும் எல்லா உடம்புக்கும் பொதுவாக அச்சடித்தது. தோட்டத்தில் வேலை செய்யும் 30 வயது ஆளுக்கு 1.2 இருந்தால் கவலைப்பட மாட்டேன். 71 வயதுப் பெண்ணுக்கு அதே 1.2 இருந்தால், வயதையும் பாலினத்தையும் சேர்த்துக் கணக்குப் போட வேண்டும். இ.ஜி.எஃப்.ஆர். என்று பெயர், சிறுநீரகம் நிமிடத்துக்கு எவ்வளவு வடிகட்டுகிறது என்ற கணக்கு. உங்கள் அம்மிச்சிக்குப் போட்டுப் பார்த்தேன், 50-க்குக் கீழே வருகிறது. நல்ல சிறுநீரகத்துக்கு 90-க்கு மேல் இருக்கும். ஏறக்குறைய பாதி வேலைதான் நடக்கிறது. ஒரே ஒரு ரிப்போர்ட்டை வைத்து முடிவு கட்டக் கூடாது, மூன்று மாதம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். ஆனாலும் மருந்து எழுதும் கை அங்கேயே நின்றிருக்க வேண்டும்.

அம்மிச்சி காலையில் போட்டுக்கொண்டிருந்த கிளிமிபிரைடு மாத்திரை கணையத்தை உசுப்பி இன்சுலினைச் சுரக்க வைக்கும். நீங்கள் சாப்பிட்டீர்களா, ஒருசந்தியா என்று அது கேட்காது. சிறுநீரகம் மந்தமாக இருந்தால் உடம்பில் இன்னும் நேரம் தங்கி வேலை செய்யும். அதை ராத்திரிக்கும் ஒன்று போட்டு, மறுநாள் பகல் முழுக்க ஒரே வேளைச் சாப்பாடு, அன்று ராத்திரி மறுபடியும் ஒரு மாத்திரை. விடியற்காலை நாலு மணிக்கு 48 வந்ததில் ஆச்சரியம் எதுவும் இல்லை. குளுக்கோஸ் ஏற்றியதும் அம்மிச்சி எழுந்து உட்கார்ந்திருப்பார், 'எனக்கு ஒண்ணுமில்ல, வூட்டுக்குப் போலாம்' என்றிருப்பார். இந்த வகை மாத்திரையில் ஏற்றிய சர்க்கரை மறுபடி இறங்கும். அதனால்தான் ஈரோட்டில் இரண்டு நாள் வைத்துப் பார்த்தார்கள். சரியாகத்தான் செய்திருக்கிறார்கள்.

அந்த 240-ஐயும் பார்ப்போம். விசேசத்துக்குப் போய்விட்டு வந்த மறுநாள் என்று எழுதியிருக்கிறீர்கள். நான் போனை எடுத்திருந்தால் முதலில் கேட்டிருப்பது, 'இலையில் ஒப்புட்டு எத்தனை?' என்றுதான். நெய் ஊற்றி இரண்டு ஒப்புட்டு, ஒரு டம்ளர் பாயசம், மிச்சத்தை மறுநாள் காலையிலும் ஒரு கை. 240 வராமல் என்ன செய்யும்? இரண்டு நாளில் தானாக இறங்கியிருக்கும். அடுத்து மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி எவ்வளவு என்று பார்த்திருப்பேன். அப்புறம், புரட்டாசி வருகிறதே, சனிக்கிழமை விரதம் உண்டா என்று கேட்டிருப்பேன். இந்த மூன்றையும் கேட்ட டாக்டர் மாத்திரையைக் கூட்டியிருக்க மாட்டார், குறைத்தாலும் குறைத்திருப்பார். 12 வருசமாகச் சீட்டுகளைப் பார்க்கும் ஒருவருக்கு எந்த நோய்க்கு எந்த மாத்திரை என்று மனப்பாடம் ஆகிவிடும். எப்போது கொடுக்கக் கூடாது என்பது சீட்டில் எழுதியிருக்காது. அது டாக்டர் தலைக்குள் நடப்பது, பக்கத்தில் நின்று பார்த்துக் கற்க முடியாது.

இவ்வளவு சொல்கிற நானும் சுத்தமானவன் இல்லை. பல வருசத்துக்கு முன் என் கிளினிக்கிலேயே இது நடந்தது. மஞ்சள் மண்டியில் கணக்கு எழுதும் ஒருவருக்கு இன்சுலினை மாற்றி எழுதினேன். அதுவரை அவர் போட்டது ஒரு மில்லியில் 40 யூனிட் உள்ள புட்டி, சிவப்பு மூடி சிரிஞ்ச். புதிதாக வந்தது ஒரு மில்லியில் 100 யூனிட் உள்ளது. அதற்கு ஆரஞ்சு மூடி சிரிஞ்ச் வேண்டும். வெளியே போனவர் மேசையில் இருந்த பையனிடம், 'தம்பி, வூட்டுல பழைய சிரிஞ்ச் ஒரு டப்பா கெடக்குது, அதுலயே போட்டுக்கலாமா?' என்று கேட்டிருக்கிறார். 'போட்டுக்கலாமுங்க, அதே 20ஆம் கோடுதான்' என்று பதில். சிவப்பு மூடி சிரிஞ்சில் 20 என்ற கோடு அரை மில்லி. புது மருந்தில் அரை மில்லி என்றால் 50 யூனிட். இரண்டரை மடங்கு. ராத்திரி கை நடுங்கி நாக்குக் குழறியவருக்கு, நினைவு தப்புவதற்கு முன் கவுந்தப்பாடி நாட்டுச்சர்க்கரையைக் கரைத்து அவர் மனைவி குடிக்கக் கொடுத்திருக்கிறார். அந்த அம்மா புண்ணியத்தில் பிழைத்தார்.

மறுநாள் பையனைக் கூப்பிட்டுக் கத்தினேன். தலையைக் குனிந்துகொண்டு ஒன்று சொன்னான்: 'உள்ள வந்து கேட்டா நீங்க திட்டுவீங்கன்னுதானுங்க நானே சொன்னேன்.' அதற்கு மேல் கத்த முடியவில்லை. சாயங்காலம் 70, 80 டோக்கன். நடுவில் கதவைத் திறந்தால் எரிந்து விழுவேன். 'இதுக்கெல்லாமா உள்ளே வருவே' என்று எத்தனை தடவை சொல்லியிருப்பேன்! அந்தப் பையன் தாண்டிய எல்லைச் சுவரை இடித்து வழி விட்டவன் நான்தான். அதற்குப் பிறகு மேசையில் இருப்பவர்களுக்கு ஒரே ஒரு வாக்கியம் சொல்லிக் கொடுத்தேன்: 'டாக்டரைக் கேட்டுட்டுச் சொல்றேனுங்க.' ஒரு நோட்டும் வைத்தேன். போனில் வரும் கேள்வியெல்லாம் அதில் ஏறும், பத்து டோக்கனுக்கு ஒரு தடவை உள்ளே வரும், பக்கத்தில் நான் பதில் எழுதிக் கையெழுத்துப் போடுவேன். ஆரம்பத்தில் நோயாளிகள்தான் முணுமுணுத்தார்கள். 'அந்தத் தம்பி பட்டுனு சொல்லுவான், இப்ப அரை மணி நேரம் ஆகுது' என்று.

உங்களையும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். ரிப்போர்ட்டை வாட்ஸ்அப்பில் அனுப்பி சிஸ்டரிடம் கேட்டால் டோக்கன் போட வேண்டாம், திருப்பூரிலிருந்து லீவு போட வேண்டாம், ஃபீஸும் மிச்சம். 'இதுக்குப் போயி டாக்டரை எதுக்கு, நீங்களே சொல்லிருங்க சிஸ்டர்' என்று நாம்தான் அவர்களைப் பழக்கி வைத்திருக்கிறோம். மருந்துக் கடையில் போய் 'மூட்டுவலிக்கு ஏதாச்சும் குடுங்க தம்பி' என்று கேட்பதும் இந்தக் கணக்கில்தான் சேரும். அம்மிச்சி அப்படி வாங்கிப் போட்டுக்கொள்கிறாரா என்று விசாரியுங்கள். டைக்லோஃபினாக் மாதிரி வலி மாத்திரைகள் அந்தச் சிறுநீரகத்துக்கு ஆகாது.

சரி, இனி செய்ய வேண்டியது. முதலில் டாக்டரை நேரில் பாருங்கள். அம்மிச்சி பெயரில் சாதாரணமாக ஒரு டோக்கன் போடுங்கள், மேசையில் எதற்கு என்று விளக்க வேண்டாம். உள்ளே போய் ஈரோட்டு டிஸ்சார்ஜ் சம்மரியையும், வாட்ஸ்அப் பதிலின் அச்சுப் பிரதியையும் மேசைமேல் வையுங்கள். எந்தத் தேதியில் போனில் என்ன சொன்னார்கள் என்று ஒரு தாளில் எழுதி அதையும் கொடுங்கள். பேசும்போது மறந்துபோகும், தாளில் இருந்தால் இருக்கும். போனில் அந்த உரையாடலை அழித்துவிடாதீர்கள். உள்ளே போகவே விடவில்லை என்றால் இதையே ஒரு கடிதமாக டாக்டர் பெயருக்கு ஸ்பீடு போஸ்டில் அனுப்புங்கள்.

ஃபைல் நகல் தர முடியாது என்று மேசையில் சொல்ல முடியாது. 2002ஆம் ஆண்டின் மருத்துவர் நடத்தை விதிகளின்படி, நோயாளியோ அவர் அனுமதித்தவரோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் ஆவணங்களைத் தர வேண்டும். அம்மிச்சியிடம் கையெழுத்தோ கைநாட்டோ வாங்கி எழுத்தில் கேளுங்கள், உங்கள் பிரதியில் வாங்கிக்கொண்டதற்குத் தேதியோடு சீல் வாங்குங்கள்.

அந்த டாக்டர் என்ன சொல்கிறார் என்பதைப் பொறுத்துத்தான் அடுத்தது. முகம் மாறி, ஃபைலை இழுத்து இதையெல்லாம் குறித்துக்கொண்டு, இனி எந்த நேரத்தில் எந்த நம்பரில் தன்னிடமே பேசலாம் என்று சொன்னால், நான் உங்கள் இடத்தில் இருந்தால் அத்தோடு விடுவேன். 20 வருசப் பழக்கத்தில் அம்மிச்சி உடம்பு அவருக்குத் தெரியும், அது லேசில் கிடைக்காது. 'அவங்களுக்கு 12 வருச அனுபவம், அதெல்லாம் சரியாத்தான் சொல்லுவாங்க' என்று சிரித்தால் டாக்டரை மாற்றுங்கள். மாற்றிவிட்டு, ஈரோட்டில் மருத்துவம் மற்றும் ஊரக நலப்பணிகள் இணை இயக்குநர் அலுவலகத்தில் புகார் கொடுங்கள். தனியார் கிளினிக்குகள் மருத்துவ நிறுவனங்கள் சட்டப்படி அவர் பார்வையில்தான் வருகின்றன. ஆஸ்பத்திரிச் செலவைக் கேட்டு மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம். கட்டணம் வாங்கும் மருத்துவம் நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று 1995லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இரண்டு வருசத்துக்குள் போக வேண்டும்.

ஒன்றை மட்டும் பிரித்துப் பாருங்கள். டாக்டர் இல்லாத நேரத்தில் சிஸ்டர் அவர் சீட்டில் தானே மருந்து எழுதுவது, டிரிப் ஏற்றுவது, அதற்குத் தனியாகக் காசு வாங்குவது, இப்படி ஏதாவது அங்கே நடக்கிறது என்று தெரிந்தால் டாக்டர் பதிலுக்குக் காத்திருக்க வேண்டாம். அது போலி மருத்துவம். நேராக இணை இயக்குநருக்குப் போங்கள்.

மாமா சொன்னதற்கு வருகிறேன். நம்ம புள்ளையின் பிழைப்பைப் பற்றிக் கவலைப்படுவதில் தப்பில்லை. பனியன் கம்பெனியில் செக்கிங் வேலைக்குப் போனால் கிடைப்பதில் பாதி கூட அந்த மேசையில் கிடைக்காமல் இருக்கலாம். ஆனால் அந்தப் பெண்ணுக்கு இப்போது இருக்கும் ஆபத்தை மாமாவிடம் சொல்லுங்கள். அன்று விடியற்காலையில் அம்மிச்சி பக்கத்தில் யாரும் படுத்திருக்காவிட்டால் என்ன ஆகியிருக்கும்? போலீஸ் வந்தால் வாட்ஸ்அப்பில் இருப்பது அவர் அனுப்பிய செய்தி. ஆஸ்பத்திரி நடத்தும் டாக்டருக்குத்தான் தன் ஆட்கள் செய்வதற்கும் கடைசிப் பொறுப்பு என்று விதியிலேயே இருக்கிறது. ஆனால் முதலில் ஸ்டேஷனில் போய் உட்காருவது மேசையில் இருப்பவர்தான். முறைக்கு அக்காவோ அண்ணியோ, அவரிடமும் தனியாகப் போய்ச் சொல்லுங்கள்: 'டாக்டரைக் கேக்காம மாத்திரை சொல்லாதீங்க, நாளைக்கு உங்க தலையில விடியும்.' ஒரம்பரைக்குச் செய்யும் உதவி அதுதான்.

இனிமேல் எந்தக் கிளினிக்குக்குப் போன் செய்தாலும், மாத்திரை பற்றி யார் என்ன சொன்னாலும், மரியாதையாக ஒன்று கேளுங்கள்: 'இது டாக்டர் சொன்னாங்களா, நீங்க சொல்றீங்களா?' சண்டை மாதிரி இருக்காது. பெரும்பாலும் அந்தப் பக்கம் ஒரு நொடி நின்றுவிட்டு, 'இருங்க, கேட்டுச் சொல்றேன்' என்பார்கள்.

அம்மிச்சிக்கு இப்போதைக்கு ஈரோட்டில் எழுதிக் கொடுத்த சீட்டு மட்டும்தான் செல்லும். சிறுநீரில் ஆல்புமின் என்ற புரதம் கசிகிறதா என்ற பரிசோதனை எடுக்கவில்லை என்றால் அடுத்த தடவை கேட்டு எடுங்கள். இந்த வயதில் சர்க்கரையை இறுக்கிப் பிடிக்க வேண்டியதில்லை, கொஞ்சம் தளர்த்தி வைப்பதே நல்லது, அளவை அங்கே கேட்டுக்கொள்ளுங்கள். ஒருசந்தி இருந்தே தீருவேன் என்றால் முந்தின வாரமே டாக்டரிடம் சொல்லி, அன்றைக்கு எந்த மாத்திரை வேண்டாம் என்று எழுதி வாங்குங்கள். மறுபடி வேர்த்து நடுக்கம் வந்தால், விழுங்கும் நிலையில் இருந்தால் மட்டும் சர்க்கரைத் தண்ணீர் கொடுக்க வேண்டும். நினைவில்லை என்றால் வாயில் எதையும் ஊற்றாமல் 108-ஐக் கூப்பிட வேண்டும். இதை மாமா வீட்டில் எல்லோருக்கும் சொல்லி வையுங்கள்.

இந்த ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போகும்போது அம்மிச்சியின் மாத்திரை டப்பாவை ஒரு தடவை கவிழ்த்துப் பாருங்கள். பழைய கிளிமிபிரைடு அட்டையில் மிச்சம் கட்டாயம் இருக்கும். நம் பெரியவர்கள் காசு கொடுத்து வாங்கிய மாத்திரையைத் தூக்கிப் போட மாட்டார்கள். ஈரோட்டுச் சீட்டில் அது இல்லை என்றால், எடுத்து உங்கள் பைக்குள் போட்டுக்கொண்டு வந்துவிடுங்கள்.